வயலுக்கு வந்த விருந்தாளிகள்



நம் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். சோறு போடுகிறோம். பாய் விரிக்கிறோம். அதற்குக் காசு வாங்குவோமா? மாட்டோம்.

ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் நகரத்திலிருந்து வருகிறார். "உங்கள் வீட்டில் தங்குகிறேன். நீங்கள் சாப்பிடுவதையே எனக்கும் கொடுங்கள். உங்கள் வயலைச் சுற்றிக் காட்டுங்கள். அதற்குப் பணம் தருகிறேன்" என்கிறார். நாம் என்ன சொல்வோம்?

"எங்கள் வயலில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்போம்.

நிறைய இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தில் பல விவசாயக் குடும்பங்கள் இதை ஒரு துணைத் தொழிலாகவே செய்து வருகின்றன. இதற்கு வேளாண் சுற்றுலா என்று பெயர். சனி, ஞாயிறு விடுமுறையில் நகரத்து மக்கள் கிராமத்துக்கு வருகிறார்கள். விவசாயி வீட்டில் தங்குகிறார்கள். மாடு கறப்பதைப் பார்க்கிறார்கள். மாட்டு வண்டியில் போகிறார்கள். அடுப்பில் சுட்ட ரொட்டி சாப்பிடுகிறார்கள். பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது? இதில் லாபம் உண்டா? யாருக்கு லாபம்? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம்

புனே, மகாராஷ்டிரத்தில் ஒரு பெரிய நகரம். அங்கிருந்து அகில்யாநகர் போகும் சாலையில் சுமார் 70 கிலோமீட்டர் போனால் ஷிரூர் வரும். இந்தப் பக்கம் மழை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை மழை மேகத்தைத் தடுத்துவிடுகிறது. மலைக்கு மேற்கே மழை கொட்டும். கிழக்கே கொஞ்சம்தான் பெய்யும்.

ஷிரூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, வயது வந்த மகன். நிலம் 3 ஏக்கர். சோளம், வெங்காயம், கொஞ்சம் கரும்பு பயிர் செய்கிறார்கள். 2 பசு மாடு, 1 கன்றுக்குட்டி, ஒரு ஜோடிக் காளை உண்டு.

3 ஏக்கர் என்பது சிறிய நிலம்தான். நம் நாட்டில் பெரும்பாலான விவசாயிகள் சிறு விவசாயிகளே. 2015-16இல் எடுத்த வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, 100 விவசாயிகளில் 86 பேருக்கு 5 ஏக்கருக்கும் குறைவான நிலமே இருந்தது. வெங்காயம் விலை ஏறினால் சிரிப்பு. விலை விழுந்தால் கண்ணீர். அதனால்தான் இந்தக் குடும்பம் இன்னொரு வருமானம் தேடியது.

புனேயிலிருந்து ஒரு கணவன் மனைவி வருகிறார்கள். இளம் வயதினர். அவர் கம்ப்யூட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அந்தப் பெண் வங்கியில் வேலை செய்கிறார். இருவரும் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்கள். மண்ணில் கால் வைத்துப் பல நாள் ஆயிற்று.

முதலில் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் அல்லவா? மராத்தியில் சித்தப்பாவைக் 'காகா' என்பார்கள். சித்தியைக் 'காக்கூ' என்பார்கள். நகரத்து இளைஞர்கள் விவசாயியையும் அவர் மனைவியையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். விவசாயக் குடும்பம் அந்தப் பெண்ணைத் 'தாயி' என்றது. தாயி என்றால் அங்கே அக்கா. அவர் கணவரைத் 'தாதா' என்றது. தாதா என்றால் அங்கே அண்ணன். நம் ஊர் சினிமாவில் வரும் தாதா இல்லை! மராத்தியில் அது மரியாதையான சொல்.

நாமும் அவர்களை அப்படியே அழைப்போம்.

சனிக்கிழமை: நெருப்பைச் சுற்றி

அது ஜனவரி மாதம். ஷிரூர் பக்கம் நல்ல குளிர். வயலில் சோளம் கதிர் பிடித்து நிற்கிறது.

இந்தச் சோளத்தைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைப்பார்கள். கரிசல் மண் மழை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தில் சோளம் வளரும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. அதற்கு முன், மணி பால் பிடித்து, இன்னும் முற்றாமல் இளசாக இருக்கும் பருவம் ஒன்று உண்டு. அந்த இளஞ்சோளத்துக்கு மராத்தியில் 'ஹுர்டா' என்று பெயர். அதைச் சுட்டுத் தின்னத்தான் குளிர்காலத்தில் நகரத்து மக்கள் கிராமத்தைத் தேடி வருகிறார்கள்.

காகா தரையில் ஒரு சிறு குழி தோண்டினார். அதில் வறட்டியைப் போட்டு மூட்டினார். தணல் கனிந்தது. மகன் வயலுக்குப் போய்க் கதிர்களை ஒடித்து வந்தான். கதிர்களைத் தணலில் செருகினார்கள். பச்சை மணி சுடும் வாசனை எழுந்தது. காக்கூ சூடான கதிரைக் கையில் வைத்துக் கசக்கினார். மணிகள் உதிர்ந்தன. முறத்தில் போட்டுப் புடைத்து, உமியை ஊதினார். மணிகளை இலையில் வைத்துக் கொடுத்தார். தொட்டுக்கொள்ளப் பூண்டுச் சட்னி, வேர்க்கடலைச் சட்னி, தயிர், வெல்லம்.

நம் ஊரிலும் கம்பங்கதிரை வாட்டிக் கசக்கித் தின்போம் அல்லவா? அதே ருசிதான்.

தாயியும் ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்தார். கை சுட்டது. கதிரைக் கீழே போட்டுவிட்டார். "உங்களுக்குச் சுடவில்லையா காக்கூ?" என்று கேட்டார்.

காக்கூ தன் உள்ளங்கையைக் காட்டினார். காய்ப்புக் காய்த்திருந்தது. "30 வருஷம் கசக்கிய கை தாயி" என்றார்.

கன்றுக்குட்டிக்கு ஒரு பிடி புல்

மாலையில் தாயி கன்றுக்குட்டியோடு விளையாடினார். வயல் ஓரத்தில் போன பருவத்துத் தீவனச் சோளத்தை அறுத்திருந்தார்கள். அதன் அடிக்கட்டையிலிருந்து புதிதாகப் பச்சைத் துளிர்கள் வந்திருந்தன. பார்க்க அழகாக இருந்தன. தாயி இரண்டு கை நிறையப் பறித்துக்கொண்டு கன்றுக்குட்டியிடம் ஓடினார்.

"தாயி, கொடுக்காதீர்கள்!" என்று காகா கத்தினார். ஓடி வந்து அந்தத் துளிரை வாங்கித் தூர எறிந்தார்.

தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. காகா நிதானமாகச் சொன்னார்.

"இளஞ்சோளப் பயிரில் ஒரு நஞ்சு இருக்கிறது. அறுத்த கட்டையில் துளிர்க்கும் துளிரிலும் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் வாடிய இளம் பயிரில் இன்னும் அதிகம். மாடு அதைத் தின்றால் மூச்சுத் திணறும். கொஞ்ச நேரத்தில் உயிரே போய்விடும். பயிர் முற்றிவிட்டால் நஞ்சு குறைந்துவிடும். முற்றிக் காய்ந்த தட்டையைப் போடலாம், பயம் இல்லை."

தாயி வங்கியில் வேலை பார்ப்பவர். பெரிய படிப்புப் படித்தவர். ஆனால் இது அவருக்குத் தெரியாது. காகா 4ஆம் வகுப்போடு நின்றவர். அவருக்குத் தெரிந்திருந்தது.

நண்பர்களே, இதை நாம் கவனிக்க வேண்டும். படிப்பு வேண்டும்தான். அதற்காகத்தானே நாமும் இந்த வயதில் எழுத்துக் கற்றோம்! ஆனால் எழுத்து கற்கும் முன்னும் நமக்கு அறிவு இருந்தது. மண்ணைப் பற்றி, மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் அறிவுதான். நகரத்து மக்கள் அதற்கும் சேர்த்துத்தான் பணம் தருகிறார்கள்.

இரவு ஒரு மணி

இரவுச் சாப்பாடு சோள ரொட்டி, கடலைமாவுக் குழம்பு, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த துவையல். எல்லாம் விறகு அடுப்பில் செய்தது. தாதாவும் தாயியும் ருசித்துச் சாப்பிட்டார்கள். ஆனால் தட்டில் ஒன்றரை ரொட்டியை மிச்சம் வைத்துவிட்டார்கள். கை கழுவும்போது குழாயைத் திறந்தபடியே விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். காக்கூ பார்த்தார். விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார்.

இரவு ஒரு மணி. தாதாவுக்கு விழிப்பு வந்தது. வெளியே பேச்சுக் குரல் கேட்டது. எழுந்து திண்ணைக்கு வந்தார். காகாவும் மகனும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டார்கள். கையில் டார்ச்சு விளக்கு, தடி.

"இந்த நேரத்தில் எங்கே போகிறீர்கள் காகா?"

"வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் தாதா. மோட்டாருக்குக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். சில நாள் பகலில் வரும். சில நாள் இரவில் வரும். இந்த வாரம் எங்களுக்கு இரவு முறை."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம் தாதா. பக்கத்தில் கரும்புத் தோட்டம். சிறுத்தை வந்து பதுங்கும். எங்களுக்கு வேறு வழி இல்லை, போகிறோம். நீங்கள் எங்கள் பொறுப்பு. உள்ளே படுங்கள்."

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. புனே மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் தங்கிக் குட்டி போடுகின்றன. சிறுத்தை தாக்கி உயிர் இழந்தவர்களும் உண்டு. அதனால்தான் பகலில் மின்சாரம் வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகள் கேட்டு வருகிறார்கள்.

அப்பாவும் மகனும் உரக்கப் பேசிக்கொண்டே நடந்தார்கள். மனிதர் குரல் கேட்டால் சிறுத்தை விலகிப் போகும் என்று அப்படிப் பேசுகிறார்கள். டார்ச்சு வெளிச்சம் வயலுக்குள் சின்னதாகத் தெரிந்தது. காக்கூவும் தூங்கவில்லை. அந்த வெளிச்சத்தையே பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். தாதாவும் உள்ளே போகவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்கு இருவரும் திரும்பி வந்தார்கள். காலெல்லாம் சேறு. உடம்பு குளிரில் நடுங்கியது. காக்கூ டீ போட்டுக் கொடுத்தார். தாதாவுக்கும் ஒரு டம்ளர் வந்தது.

மறுநாள் காலை தாதா பல் தேய்க்கும்போது குழாயைத் திறக்கவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். தட்டில் ரொட்டி மிச்சம் வைக்கவும் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை: புறப்பாடு

ஞாயிறு காலை தாயி பால் கறக்கப் பழகினார். நாலு சொட்டுதான் வந்தது. பசு திரும்பிப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மாட்டு வண்டியில் ஏரிக்கரை வரை போய் வந்தார்கள். அடுத்த தெருவில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வேர்க்கடலைச் சட்னிப் பொடி அரைத்து விற்கிறார்கள். அங்கே 2 பொட்டலம் வாங்கினார்கள்.

பிற்பகல் புறப்படும்போது தாதா பணம் கொடுத்தார். காகா வாங்கத் தயங்கினார். விருந்தாளியிடம் பணம் வாங்குவது அவருக்கு இன்னும் பழகவில்லை. காக்கூதான் முன்னால் வந்தார்.

"கொடுங்கள் தாதா. நாங்கள் உழைத்திருக்கிறோம், நீங்கள் கொடுக்கிறீர்கள். இதில் வெட்கம் என்ன?" என்று வாங்கிக்கொண்டார்.

கணக்குப் போடுவோம்

இங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது. நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இது நாம் கற்பதற்காக எழுதிய கணக்கு. ஊருக்கு ஊர் தொகை மாறும்.

ஓர் ஆளுக்கு 1,200 ரூபாய். 2 பேருக்கு 2,400 ரூபாய்.

முதலில் காகா கணக்குப் போட்டார்.

கடையில் வாங்கிய எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், கடலைமாவு: 400 ரூபாய்
சோப்பு, படுக்கை விரிப்பு வெளுக்க: 150 ரூபாய்
மொத்தச் செலவு: 550 ரூபாய்
2,400 - 550 = 1,850 ரூபாய்

"1,850 ரூபாய் லாபம்!" என்று காகா மகிழ்ந்தார்.

காக்கூ வளர்கல்வி மையத்தில் கணக்குக் கற்றவர். "பொறுங்கள்" என்றார். அவர் மேலும் எழுதினார்.

நம் வீட்டுப் பால், சோளம், கடலை, வெல்லம். விற்றிருந்தால் கிடைக்கும் விலை: 450 ரூபாய்
என் 2 நாள் உழைப்புக்குக் கூலி: 700 ரூபாய்
கழிப்பறை, பாய், பாத்திரம் பழுது பார்க்க ஒதுக்குவது: 200 ரூபாய்
மொத்தம்: 1,350 ரூபாய்
1,850 - 1,350 = 500 ரூபாய்

ஆக, உண்மையான லாபம் 500 ரூபாய்தான்.

காகாவின் கணக்கில் என்ன தவறு? வீட்டில் விளைந்தது என்றால் செலவு இல்லை என்று நினைத்துவிட்டார். மனைவி உழைப்பு என்றால் கூலி இல்லை என்று நினைத்துவிட்டார். இந்தத் தவறைப் பல வீடுகளில் செய்கிறோம். சமைத்தவர் யார்? பாத்திரம் கழுவியவர் யார்? கழிப்பறை சுத்தம் செய்தவர் யார்? காக்கூதான். விருந்தாளி வந்த 2 நாளும் அவர் வயல் வேலைக்கும் போனார், அடுப்படியிலும் நின்றார். அந்த உழைப்பைக் கணக்கில் எழுதாவிட்டால், கணக்கும் பொய், லாபமும் பொய்.

500 ரூபாய் குறைவு என்று சோர்ந்துவிட வேண்டாம். மீண்டும் பாருங்கள். 450 ரூபாய்ச் சரக்கு சந்தைக்குப் போகாமலே விற்றது. வண்டிக் கூலி இல்லை, தரகு இல்லை. 700 ரூபாய் காக்கூவின் கூலி. 500 ரூபாய் லாபம். மூன்றும் சேர்ந்தால் 1,650 ரூபாய். பழுது பார்க்க ஒதுக்கிய 200 ரூபாய் தனி.

ஹுர்டாப் பருவத்தில் இப்படி 8 முறை விருந்தாளி வந்தால்? 1,650 x 8 = 13,200 ரூபாய்.

ஒப்பிட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு மால்தண்டி என்ற வகைச் சோளத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,749 ரூபாய். 13,200 ரூபாய் என்பது மூன்றரைக் குவிண்டால் சோளத்தின் விலைக்கும் சற்று அதிகம். பெரிய கடன் இதில் தீர்ந்துவிடாது. ஆனால் விதைக்கும் உரத்துக்கும் வட்டிக்கு வாங்காமல் சமாளிக்கலாம்.

காக்கூ தன் கூலியைத் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட்டார். கையெழுத்தும் அவரே போட்டார்.

இது எப்படித் தொடங்கியது?

வெளிநாடுகளில் இந்தத் தொழில் முன்பே உண்டு. இத்தாலி நாட்டில் 1985ஆம் ஆண்டு இதற்காகத் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான நிபந்தனை இருந்தது. விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும். விருந்தாளிகளை வைத்துக்கொள்வது துணைத் தொழிலாகவே இருக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் 2005 வாக்கில் பாராமதி அருகே பள்ஷிவாடி என்ற இடத்தில் வேளாண் சுற்றுலா மையம் தொடங்கியது. பாண்டுரங் தாவரே என்பவர் இதற்கு முன்னோடி. பிறகு மற்ற விவசாயிகளும் கற்றுக்கொண்டு தொடங்கினார்கள். 2020ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு வேளாண் சுற்றுலாவுக்கு என்று ஒரு கொள்கை வெளியிட்டது. அதன்படி விவசாயிகள் தங்கள் மையத்தை அரசிடம் பதிவு செய்துகொள்ளலாம்.

கேரளத்தில் குமரகம் என்ற ஊர் உண்டு. அங்கே 2008 முதல் இன்னொரு வகையில் செய்கிறார்கள். பயணிகளைக் கயிறு திரிக்கும் வீட்டுக்கும், பாய் பின்னும் வீட்டுக்கும், மீன் பிடிக்கும் இடத்துக்கும் அழைத்துப் போகிறார்கள். அந்தந்த வீட்டுக்காரருக்கு அதில் பங்கு உண்டு. நிலம் இல்லாதவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. மண்பானை செய்பவர், கூடை முடைபவர், வண்டி ஓட்டுபவர், சட்னிப் பொடி அரைக்கும் பெண்கள் எல்லோருக்கும் வேலை கிடைக்க வேண்டும். நிலம் உள்ள ஒரு வீடு மட்டும் பணம் பார்த்தால், ஊரில் பொறாமைதான் வளரும்.

விவசாயம் முதலில்

2020 மார்ச் மாதம் கொரோனா நோய் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பயணம் நின்றது. பல மாதங்கள் விருந்தாளி யாரும் வரவில்லை.

அப்போது யாருக்குக் கஷ்டம் அதிகம்? கடன் வாங்கி அறைகள் கட்டியவர்களுக்கு. விருந்தாளி வராவிட்டாலும் வட்டி வந்துகொண்டே இருக்கும். வயலை விடாமல் உழுதவர் வீட்டில் சோளம் இருந்தது, பால் இருந்தது.

ஆகவே, விவசாயத்தை விட்டுவிட்டு இதைச் செய்யக் கூடாது. விவசாயத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டும். வயல் காய்ந்து கிடந்தால் விருந்தாளி எதைப் பார்க்க வருவார்?

செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

1. கடன் வாங்கிக் கட்டடம் கட்டித் தொடங்க வேண்டாம். இருக்கிற அறையைச் சுத்தம் செய்து, வெள்ளை அடித்துத் தொடங்குங்கள்.

2. சுத்தமான கழிப்பறை கட்டாயம் வேண்டும். நல்ல குடிநீர் வேண்டும்.

3. வீட்டுப் பெண்களைக் கேட்காமல் விருந்தாளிக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். வேலையை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பணத்தையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

4. கட்டணம் எவ்வளவு, அதில் என்னென்ன சேரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எழுதிக் காட்டுவது நல்லது. பிறகு மனத்தாங்கல் வராது.

5. வீட்டு வழக்கத்தையும் முன்பே சொல்லுங்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது, மது கூடாது, இரவில் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லலாம். காக்கூ இப்போது ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார்.

6. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். மின்சாரக் கம்பி, மோட்டார், பூச்சி மருந்து பக்கம் விருந்தாளிகளை விடக் கூடாது.

7. இரவில் டார்ச்சு இல்லாமல் நடக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கத்தியால் கீறக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை அதிகம் அசைய விடாமல், 108க்குப் பேசி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாம்புக்கடிக்கு அங்கே மருந்து உண்டு.

8. வந்தவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதற்கு நாம் கற்ற எழுத்து உதவும்.

9. தொடங்கும் முன் ஊராட்சி அலுவலகத்திலும் சுற்றுலாத் துறையிலும் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து

புனே போன தாயி ஒரு வாரம் கழித்துக் காகா வீட்டுக்குப் போன் செய்தார். "கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது காக்கூ?" என்று முதலில் கேட்டார். பிறகு வெங்காயத்தைப் பற்றிக் கேட்டார். "அறுவடை ஆனதும் சொல்லுங்கள். எங்கள் அடுக்குமாடியில் 20 வீடுகள் இருக்கின்றன. உங்களிடமே நேரடியாக வாங்கிக்கொள்கிறோம்" என்றார்.

காக்கூ சிரித்தார். "எத்தனை கிலோ என்று கேட்டுச் சொல்லுங்கள் தாயி. நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

தாதா போனை வாங்கினார். அவர் கேட்டது வேறு.

"காகா, இந்த வாரம் கரண்ட் பகலிலா, இரவிலா?"

பேசிப் பார்ப்போம்

1. காகாவின் கணக்குக்கும் காக்கூவின் கணக்குக்கும் என்ன வேறுபாடு? யார் கணக்கு சரி? ஏன்?

2. உங்களுக்குத் தெரிந்து, படித்தவர்களுக்குத் தெரியாத விவசாய விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள். மையத்தில் எல்லோரும் அதை எழுதி வையுங்கள்.

3. உங்கள் ஊருக்கு விருந்தாளி வந்தால் என்னென்ன காட்டுவீர்கள்? என்ன சாப்பாடு கொடுப்பீர்கள்?

4. உங்கள் வீட்டில் பெண்கள் ஒரு நாளில் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். அதற்குக் கூலி போட்டுப் பாருங்கள்.

5. 4 பேர் வருகிறார்கள். ஓர் ஆளுக்கு 1,200 ரூபாய். மொத்த வரவு எவ்வளவு?